கோடி கோடிக் கவிதை, 140 கீற்று

இந்தப் பிரெஞ்சுக் கவிதைப் புத்தகத்தில் ஒரு வரிக்கு ஒரு கீற்று. நான் முதலில் வாங்கிய பிரதியில் ஒரு கீற்று இல்லை. பழைய புத்தகம் விற்கும் ஓர் இணையக் கடையில் வாங்கியது. மூன்றாம் கவிதையின் ஆறாவது வரி இருக்க வேண்டிய இடத்தில், தையலோரமாகக் கிழிந்த அடையாளம் மட்டும் இருந்தது. புகார் எழுதினேன். "ஒரே ஒரு வரிதானே, மீதி 139 வரியும் நல்ல நிலையில் இருக்கிறதே" என்று பதில் வந்தது. "ஒரு வரி இல்லை ஐயா, பத்து லட்சம் கோடி கவிதை குறைகிறது" என்று திருப்பி எழுதினேன். மூன்று நாள் சத்தமே இல்லை. அப்புறம் பணத்தை அனுப்பிவிட்டார்கள். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் என் கணக்கு சரியானது.

புத்தகம் பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ எழுதியது, பெயர் Cent mille milliards de poèmes. 1961இல் பாரிசில் கலிமார் பதிப்பகம் போட்டது. உள்ளே பத்தே பத்து சானெட், ஒவ்வொன்றும் 14 வரி. ஒவ்வொரு பக்கத்தையும் வரிவாரியாகக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, முதுகுப் பக்கம் மட்டும் பிடித்திருக்கும்படி தைத்திருக்கிறார்கள். முதல் வரியை நான்காம் கவிதையிலிருந்தும் இரண்டாம் வரியை ஒன்பதாம் கவிதையிலிருந்தும் புரட்டி வைத்துக்கொள்ளலாம். எப்படிப் புரட்டினாலும் எதுகை, அதாவது பிரெஞ்சில் வரிக்கடைசியில் வரும் இயைபு, கெடாது. இலக்கணமும் ஏறக்குறைய கெடாது. வரிக்குப் பத்து வாய்ப்பு, வரிகள் பதினான்கு. ஆக 1க்குப் பின் 14 சுழி. பிரெஞ்சுத் தலைப்பு இதைச் சுற்றி வளைத்து நூறாயிரம் மில்லியார் (ஒரு மில்லியார் நூறு கோடி) என்று சொல்கிறது. தமிழில் நாம் வாய்க்கு வந்தபடி கோடி கோடி என்போமே, கோடியைக் கோடியால் பெருக்கினால் அதே 14 சுழிதான். பேச்சுக்குச் சொல்வது இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் கணக்காகவே பொருந்துகிறது.

கெனோவே முன்னுரையில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். ஒரு சானெட் படிக்க 45 விநாடி, கீற்று மாற்ற 15 விநாடி. இரவு பகல் ஓயாமல் படித்தால் முடிக்க 19 கோடியே 2 லட்சத்து 58 ஆயிரத்து 751 ஆண்டும் சில மணி நேரமும் ஆகும். படிக்கிற 45 விநாடியை ஒத்துக்கொள்கிறேன். கீற்று மாற்ற 15 விநாடி என்பது சுத்தப் பொய். எனக்கு முதல் நாள் ஏழு நிமிடம் ஆனது.

அதைச் சொல்லத்தான் இந்த விமர்சனம். இரண்டாவது பிரதியைப் பாரிசில் இருக்கும் அத்தை மகன் கொண்டுவந்தான், புதிது. விலையைச் சொல்ல மாட்டேன் என்றான், நானும் கேட்கவில்லை. என் அப்பா புதுச்சேரியில் 40 வருடம் பைண்டிங் வேலை பார்த்தவர். மைதா பசையும் காலிகோ துணியுமாக வளர்ந்தவள் நான். ஒரு புத்தகம் கைக்கு வந்தால் முதலில் முதுகைத்தான் பார்ப்பேன். இதன் முதுகு பிரமாதம். 140 கீற்றும் தனித்தனியாக இழுபடும் புத்தகத்துக்குத் தையல் விட்டுப்போகாமல் இருப்பதே பெரிய காரியம். வடிவமைத்தவர் ரொபேர் மாசேன், கலிமாரின் புத்தகங்களுக்கு முகம் கொடுத்த மனிதர். கீற்றுகளின் வெட்டு கச்சிதம். அப்பா இருந்திருந்தால் வழக்கம்போல் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "பிளேடு புதுசு" என்றிருப்பார்.

குறை, நம் ஊர்க் காற்று. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். இரண்டாவது வாரமே கீற்றுகள் சுருள ஆரம்பித்தன. ஒன்றைப் புரட்டினால் பக்கத்தில் இருப்பது கூடவே எழுந்து வருகிறது. ஐந்தாவது வரிக்குப் போகும்போது இரண்டாவது வரி தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. கடைசியில் தென்னந் துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்குச்சியை உருவி, ஒன்றால் தூக்கி மற்றதால் அமுக்கிப் பழகிக்கொண்டேன். இப்போது நாலு நிமிடம். படிக்காத நேரத்தில் மேலே லரூஸ் அகராதியை ஏற்றி வைக்கிறேன்.

யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் கெனோ மறைக்கவில்லை. குழந்தைகளுக்கான ஒரு படப் புத்தகம். தலை ஒரு துண்டு, உடம்பு ஒரு துண்டு, கால் ஒரு துண்டு, புரட்டப் புரட்டப் புதுப் புது ஆள் வருவானே, அது. பின்னுரை எழுதிய பிரான்சுவா லெ லியோனேயும் கெனோவும் சேர்ந்து 1960 நவம்பரில் உலிப்போ என்ற குழுவைத் தொடங்கியிருந்தார்கள். கணக்கில் போடுவதுபோல் நிபந்தனை போட்டுக்கொண்டு எழுதுபவர்கள்.

சரி, அந்தப் பத்துக் கவிதையும் எதைப் பற்றி? இதை யாரும் சொல்வதில்லை. எல்லோரும் 14 சுழியைச் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள். முதல் கவிதையில் அர்ஜென்டினாவின் பாம்பாஸ் புல்வெளி ராஜா சட்டையைக் கழற்றித் திருப்புகிறார், காளைக் கொம்பில் உலர்த்த. இரண்டாவதில் கிரேக்கத்துப் பார்த்தினான் கோயில் சிற்பக் குதிரை, எல்ஜின் பிரபு லண்டனுக்குத் தூக்கிப்போனதால் தேம்ஸ் கரையில் குளிரில் நடுங்குகிறது. மூன்றாவதில் வடமேற்குப் பிரான்சின் பிரெத்தான் கிழ மாலுமி மூக்குப்பொடி போடுகிறார். நான்காவதில் ஒரு சீமாட்டி மாலை ஐந்து மணிக்குத் தேநீரும் கேக்கும் சாப்பிடப் புறப்படுகிறாள். ஆறாவதில் ஒருவன் குனிந்து பெட்டியை எடுக்கப் பார்க்கிறான், அது களவு போயிருக்கிறது. பத்தாவது சாவும் கல்லறையும்.

எல்லாக் கவிதையும் எட்டு வரிவரைக்கும் 'ஈஸ்', 'ஓ' என்ற இரண்டே ஒலியில் முடிகின்றன. பிரெஞ்சுப் பாடம் நடத்துகிறவளாகச் சொல்கிறேன், இங்கேதான் ஆள் கெட்டிக்காரர். சட்டை, பெட்டி, சீமாட்டி, பொடிச் சிட்டிகை என்று 'ஈஸ்' ஒலியில் முடியும் பிரெஞ்சுப் பெயர்கள் பெண்பால். அதனால் அடுத்த கீற்றில் 'அவளை' அல்லது 'அதை' என்று ஒரு 'லா' வந்தால், அது போய்ப் பற்றிக்கொள்ள மேலே ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். என் மாணவர்களுக்குப் பெயர்ச்சொல்லின் பால் பற்றி எத்தனையோ அட்டவணை கொடுத்திருக்கிறேன். இந்த ஒரு ஓட்டையற்ற வேலைப்பாடு புரியவைத்ததுபோல் எதுவும் புரியவைக்கவில்லை.

நான்காவது கவிதையில் எனக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. சீமாட்டி கிளம்பிப் போனபின், கீழே வரும் வரிகளில் கங்கை முதல் மலபார்வரை ஆங்கிலப் பிரபு மழலை பேசுகிறார், சந்திரநாகூரில் நாட்டுப்புறத்தான் சாணி நாற்றம் அடிக்கிறான். சந்திரநாகூர்! பிரெஞ்சுக்காரர்கள் இந்தியாவில் வைத்திருந்த ஐந்து ஊரில் ஒன்று. மற்ற நான்கு காரைக்கால், மாஹே, யானம், நாங்கள். புத்தகம் வந்த 1961இல் சந்திரநாகூர் இந்தியாவோடு சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. எங்கள் ஊரோ 1954இல் கைமாறியும், சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16 வரை பிரான்சின் ஊர்தான். அப்படியிருக்க எங்களை விட்டுவிட்டார். வரிக்குப் பன்னிரண்டு அசை என்பது யாப்பு. 'ஷான்-தெர்-நா-கோர்' நாலு அசை, 'பொன்-தி-ஷே-ரி'யும் நாலு அசை. மாற்றிப் போட்டுச் சொல்லிப் பார்த்தேன், அச்சுப் பிசகாமல் உட்காருகிறது. கூப்பிடாத விருந்துக்கு வருத்தப்படுவதா, சாணி நாற்றத்திலிருந்து தப்பித்ததற்குச் சந்தோஷப்படுவதா என்று இன்னும் தெரியவில்லை.

என் பெரிய மனக்குறையும் அந்தக் கவிதையில்தான் ஆரம்பிக்கிறது. பிரபு, கர்னல், காற்றில் காத்துக்கிடக்கும் 'உள்ளூர்க்கார' டிரைவர், சாணி. அந்த 'உள்ளூர்க்கார' என்பதற்குக் கெனோ போட்டிருக்கும் பிரெஞ்சுச் சொல் எங்கள் தாத்தா காலத்துக் காதுகளுக்கு நன்றாகத் தெரிந்த சொல், அத்தனை மரியாதையானதல்ல. கேலிக்குத்தான் எழுதியிருக்கிறார், தெரியும். ஆனால் இது இந்தியாவுக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை. அர்ஜென்டினா என்றால் காளை, கிரேக்கம் என்றால் பிளேட்டோ, மாலுமி என்றால் மூக்குப்பொடி. ஏன் எல்லாம் பொங்கல் வாழ்த்து அட்டைப் படமாகவே இருக்கின்றன? யோசித்தால், வேறு வழியில்லை. முன்னும் பின்னும் எது வரும் என்று தெரியாத வரி, தனியாக நின்றே பளிச்சென்று தெரிய வேண்டும். மெல்ல மெல்லக் கட்டி எழுப்பும் உணர்ச்சி எதுவும் இந்தக் கத்தரிக்கோலுக்குத் தாங்காது. விளைவு, முதல் இருபது கவிதைக்குச் சிரித்தேன். ஐம்பதாவதில் கதம்ப சாதத்தின் ருசி வந்துவிட்டது. எந்த ஓரத்தில் எடுத்தாலும் ஒரே ருசி. கோடி கோடி என்பது எண்ணிக்கைதான், வகை இல்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடியிருப்பேன். மூடாததற்குக் காரணம் என் சனிக்கிழமை வகுப்பு.

கீற்றை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று புத்தகம் சொல்வதில்லை. மனசு போனபடி புரட்டினால் பிடித்ததையே தேடுவோம். தாயக்கட்டையில் பத்து விழாது. வகுப்பில் ஒரு பெண் சொன்னாள்: "மதாம், செல்போன் நம்பர் பத்து எண், பிறந்த வருஷம் நாலு எண், மொத்தம் பதினாலு." சுழி வந்தால் பத்தாவது கவிதை என்று வைத்துக்கொண்டோம். ஆளுக்கொரு கவிதை. வரிசையில் நின்று ஈர்க்குச்சியால் புரட்டி எழுதிக்கொண்டார்கள். உலகத்தில் இதற்கு முன் யாரும் படித்திராத கவிதை உன் நம்பரில் இருக்கிறது என்றால், துணைவினை இலக்கணத்துக்குத் தூங்கும் பையன்கூட எழுந்து உட்காருகிறான்.

பதினோராவது வரி வந்ததும் சண்டை. நம் செல்போன் எண்கள் எல்லாம் 6 முதல் 9க்குள்தான் தொடங்கும். ஆக முதல் வரியில் பாம்பாஸ் ராஜாவுக்கு இடமே இல்லை, பார்த்தினான் குதிரைக்கும் இல்லை. அது போகட்டும் என்றால், பதினோராவது வரி வருடத்தின் முதல் எண். பிள்ளைகள் எல்லாம் 2000க்குப் பின் பிறந்தவர்கள். எல்லாருக்கும் இரண்டாம் கவிதை, 'செத்துப்போன சாக்ரடீஸைக் குட்டிச்சாத்தான் என்று நினைத்தார்கள்' என்ற வரி. அடுத்ததும் எல்லாருக்கும் சுழி, பத்தாம் கவிதை. எனக்கும் என் வயதுக்காரர்களுக்கும் 1, அதாவது 'மாத்தே (தென்னமெரிக்கத் தேநீர்) குடித்தால் ஆள் அர்ஜென்டினாக்காரன் ஆகிவிடுவான்'. "மதாம், இது தற்செயல் இல்லையே" என்றாள் நம்பர் யோசனை சொன்ன அதே பெண். போன வருடம் முழுக்க நான் நடத்திய பாடங்களில் யாரும் இப்படிக் கண்டுபிடித்துச் சொன்னதில்லை. தற்செயல் என்று நாம் கையில் எடுக்கும் எதற்கும் பின்னால் யாரோ ஓர் இலாகா உட்கார்ந்து முதல் எண்ணைத் தீர்மானித்திருக்கிறது.

நிஜமான தற்செயல்தான் வேண்டும், காசும் செலவழிக்க முடியாது என்பவர்களுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. டாடா என்ற கலை இயக்கத்துக் கவிஞர் ட்ரிஸ்தான் சாரா 1920இல் சொன்னது. ஒரு செய்தித்தாள், ஒரு கத்தரிக்கோல். சொற்களை வெட்டி ஒரு பையில் போட்டு, மெதுவாகக் குலுக்கி, கையில் வருகிற வரிசையில் எழுது, கவிதை உன்னைப்போலவே இருக்கும் என்றார். பிரெஞ்சுச் செய்தித்தாளில் செய்தால் 'த', 'ல', 'ஆ' என்று ஒட்டாத பொடிச் சொற்களாக வந்து விழும், பாதிப் பைக்கு அதுதான். அதே வேலையைத் தமிழ் தினசரியில் செய்து பார்த்தேன், மளிகைக்கடைத் துணிப்பையில் போட்டு. ஆச்சரியம், நம் சொற்கள் வேற்றுமை உருபை முதுகில் சுமந்துகொண்டே பைக்குள் போகின்றன, எந்த வரிசையில் வந்தாலும் பாதி வாக்கியம் தயார்:

மின்தடைக்கு வெங்காயம் மனு அளித்தது
நாளை முதல் ஆட்சியரை எதிர்த்துப்
கிலோ

அந்த 'எதிர்த்துப்' என்பதைப் பாருங்கள். பேப்பரில் அதற்கு அடுத்து 'போராட்டம்' இருந்திருக்கிறது. இப்போது ஒரு ப் மட்டும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்காகவே இந்தத் துண்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். கெனோவின் புத்தகத்தில் இப்படி ஒரு அனாதை ஒற்று கிடைக்காது. அவர் எல்லாத் தையலையும் மூடிவிட்டார். எனக்கு அவருடைய கைவேலை பிடிக்கிறது, ஆனால் சாராவின் பை சில நேரம் இன்னும் நன்றாகச் சிரிக்கிறது.

அக்கா மகன் மென்பொருள் படிக்கிறான். "இதுக்கு எதுக்குச் சித்தி கீத்து, பத்து வரி கோடு போதும்" என்று அரைமணியில் ஒன்று செய்து காட்டினான். பொத்தானை அழுத்தினால் கவிதை, அழுத்தினால் கவிதை. பத்து நிமிடத்தில் இருவருக்கும் அலுத்துவிட்டது. இதெல்லாம் புதிதும் இல்லை. கெனோவின் புத்தகத்துக்கு இரண்டு வருடம் முன்பே, 1959இல், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தியோ லுட்ஸ் ஒரு சூஸே இசட் 22 கணினிக்குக் காஃப்காவின் நாவலிலிருந்து 16 பெயர்ச்சொல்லும் 16 பெயரடையும் கொடுத்து வரிவரியாக எழுதவைத்தார். 'எந்தக் கிராமமும் தாமதமாக இல்லை' என்று அது எழுதியது. அதற்கும் முன்னால், 1952இல், மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி காதல் கடிதம் எழுதும் நிரல் ஒன்றை ஓடவிட்டார். கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங் வேலை பார்த்த அதே இடம். தற்செயல் எண் தரும் வசதி அந்த இயந்திரத்தில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் டூரிங்தான். கெனோ தன் புத்தகத்தின் வாசலில் டூரிங்கின் வாசகம் ஒன்றைத்தான் வைத்திருக்கிறார்: ஓர் இயந்திரம் எழுதிய சானெட்டை இன்னோர் இயந்திரம்தான் ரசிக்க முடியும் என்று. அக்கா மகனிடம் காட்டினேன். "அப்போ நாம ஏன் சித்தி படிக்கிறோம்" என்றான். ஈர்க்குச்சியை அவன் கையில் கொடுத்தேன். மூன்று கவிதை புரட்டினான், தானாக. நாலு நிமிடம் மெனக்கெட்டுச் சேர்த்த கவிதையை நாம் இரண்டு தரமாவது படிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசம் இல்லை.

தமிழில் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். செய்தோம். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் இருக்கிறார். மூன்று இன்னிசை வெண்பா, நாலு நாலு அடி, கீற்றாக வெட்டினால் 81. நேரிசை வேண்டாம், தனிச்சொல் தொல்லை என்றார் ஐயா. நம் எதுகை வரியின் தலையில் வருவதால் பன்னிரண்டு அடிக்கும் ஒரே எதுகை வேண்டும். கண், மண், விண், பண், எண், பெண், தண், வெண், திண், நுண், உண், புண் என்று எண்ணி எடுத்தோம், சரியாகப் பன்னிரண்டு. அடுத்தது தளை, ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதி. ஓர் அடி மாச்சீரில் முடிந்தால் அடுத்த அடி நிரையில் தொடங்க வேண்டும், காயில் முடிந்தால் நேரில். கீற்று மாறினால் தளை தட்டும். ஈற்றடி தவிர மற்ற அடிகளைக் காயிலோ விளத்திலோ முடித்து, எல்லா அடியையும் நேரில் தொடங்கித் தப்பித்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. தளை தட்டவில்லை. ஆனால் 81உம் கண், பெண், விண் என்று பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் மாதிரியே இருக்கிறது. கெனோவைக் கதம்ப சாதம் என்று சொன்ன வாய்க்கு இது தேவைதான். இன்னும் ஏழு வெண்பா எழுதினால் பத்தாயிரம் ஆகும் என்கிறார் ஐயா. நான் மழுப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, யார் வாங்கலாம்? பிரெஞ்சு ஓரளவு தெரிந்தவர்கள், கையில் கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள், பைண்டிங் வேலையை ரசிப்பவர்கள். கவிதை வேண்டுமென்று வாங்காதீர்கள், அதற்கு வேறு புத்தகங்கள் உண்டு. பழைய பிரதி வாங்கினால் 140 கீற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சிறு குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் ஒரு கனமான அகராதியையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

போன வாரம் அம்மா, "எனக்கு ஒண்ணு எடு" என்றார். கிளி ஜோசியம்போல நினைத்திருக்கிறார். அவரிடம் செல்போன் இல்லை, வீட்டுத் தொலைபேசிதான். முன்னால் உள்ள 0413இல் சுழியைச் சேர்த்தால் முதல் வரி பத்தாம் கவிதையிலிருந்து வரும். 'எல்லாம் முடிந்து உயிர் பிரியும் வேளையில்' என்று தொடங்கும் வரி. எண்பது தாண்டியவரிடம் அதை எப்படிப் படிப்பது? சுழியை விட்டுவிட்டேன். சுழி போனால் சரியாகப் பத்து எண், கணக்கும் இடிக்கவில்லை. 4, 1, 3. எங்கள் ஊர் பி.எஸ்.என்.எல். எண்கள் அதன் பின் 2இல் தொடங்குவதால், புதுச்சேரியில் அந்தத் தரைவழித் தொலைபேசி வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் முதல் நான்கு வரி ஒன்றுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்குத் தமிழில் படித்தேன்:

மாலை ஐந்து மணிக்குச் சீமாட்டி கிளம்பினாள்
காளைக் கொம்பிலே அதை உலர்த்திவிட
பழைய பெட்டகத்தின் மேல் தன் செர்ரிப் பழத்தை அவன் தேர்ந்தான்
பாடவும் பாடினான், ஆமாம், ஆனால் அபஸ்வரமாக

"கடைசியில வர்றது உங்கப்பா" என்றார் அம்மா. மீதிப் பத்து வரியைக் கேட்கவில்லை, காப்பி போட எழுந்து போய்விட்டார்.